கெட்டிமேளம் இல்லாத இடம்

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டிவலிக்கு நடுவே நாமெல்லாம் நின்று மூச்சு வாங்கும் இடம் அந்த மேரிக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம். பழைய நகரசபைதான், பிரெஞ்சுக்காரன் கப்பலேறி இத்தனை காலமாகியும் நம் வாயில் அது மேரிதான். பழைய கட்டடம் ஒரு மழையில் இடிந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது நிற்பது அதே முகத்தோடு எழுப்பிய புதுசு. வெளியூர்ப் பிள்ளைகள் அதன் முன்னால் கல்யாணப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பெண்ணின் முந்தானை பறக்கட்டும் என்று போட்டோகிராபர் கத்துகிறான். நமக்கு அங்கே பறக்கவிட முந்தானை இருக்கவில்லை. தலை குனிந்து படியேறி, "வுய்" என்று ஆமாம் சொல்லிவிட்டு, பிளேன் ஏறினோம். என் அக்கா அந்தப் பழைய மாடியில் "நோன்" என்றாள். வேண்டாம் என்றாள்.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவரை எங்கள் முதலியார்பேட்டையில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கும் சொல்தா வீடு என்றே பெயர். கூடத்து ஆணியில் அவருடைய கெப்பித் தொப்பி தொங்கும். அதைத் துடைக்க அவருக்கு மட்டும்தான் அதிகாரம். ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கிடங்கிலிருந்து சுடச்சுட நீள ரொட்டி வரும். அதைக் கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. அப்பா கத்தமாட்டார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நம்மைப் பார்ப்பார். அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.

எங்கள் கூட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மற்ற ஊரில் பெண்ணைப் பெற்றவன் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பான். எங்களில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்பார்கள், சீரையும் அவர்களே தூக்கி வருவார்கள். பெண்ணைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம். அவன் போனால் அவன் தம்பி போவான், தம்பி போனால் மச்சான் போவான். பெண் கறுப்பா சிவப்பா, படித்தவளா, கோபக்காரியா என்றெல்லாம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவள் பெயரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் போதும்.

அக்கா அப்போது நர்சுப் படிப்பில் இரண்டாம் வருஷம். எனக்கும் அவளுக்கும் பத்து வயதுக்கு மேல் இடைவெளி. நடுவில் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. வெள்ளைப் புடவையில் சைக்கிளில் வந்து இறங்குவாள். அவள் மேல் ஆஸ்பத்திரி மருந்து வாசனை அடிக்கும். அம்மா முகத்தைச் சுளிப்பாள், எனக்கு அது பிடிக்கும். கையில் அப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கடிகாரம் கட்டியிருப்பாள். வினாடி முள் சிவப்பாக ஓடும். என் மணிக்கட்டைப் பிடித்து, முள்ளைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணுவாள். "ஓடிட்டு வந்தியா, பொய் சொல்லாத" என்பாள். நான் ஓடி வந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வெகுநாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

படிக்க அனுப்பினதே கல்யாணம் வரைக்கும்தான் என்பது அப்பாவின் கணக்கு. சொல்தா வீட்டுப் பெண் கண்டவன் பீ மூத்திரம் அள்ளுவதா என்று உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றே பதில் சொல்லிவந்தார். அக்கா மட்டும் அதைக் கொஞ்ச நாளைக்கு என்று நினைக்கவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, உழவர்கரையில் இருந்தாள். மாமா காலமாகிவிட்டார். ஒரே மகன். அவனுக்கு வேலை எதுவும் நிலைக்கவில்லை. அவனைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டால் தன் கஷ்டம் தீரும் என்று அத்தை நம்பினாள். உரிமைப் பெண் அண்ணன் வீட்டில் இருக்கும்போது வெளியே பார்ப்பானேன்? ஒரு பங்குனி மாதம் பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தாள். அப்பா உடனே சரி என்றார். தங்கை கண்ணில் நீர் வந்தால் அவருக்குத் தாங்காது.

அக்கா அன்று சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. படிப்பை முடிக்கணும், வேலை பார்க்கணும், இந்த ஊரைவிட்டுப் போக விருப்பமில்லை, அவனைக் கட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தை, குடும்பத்தையே கரையேற்றும் பெண் இப்படிப் பேசலாமா என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் சூடாகச் சொன்னாள்.

"நான் இன்னா கப்பலா அத்தை, ஊரே ஏறிக்கறதுக்கு?"

அந்தப் பேச்சு முதலியார்பேட்டை முழுக்கச் சுற்றியது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? நர்சுப் படிப்பால் வந்த திமிர் என்றார்கள். டாக்டர் எவனோ இருக்கிறான் என்றார்கள். எவனும் இல்லை. இருந்திருந்தால்கூட அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஒருத்திக்கு வேறு ஆள் இல்லாமலே ஒரு ஆளைப் பிடிக்காமல் போகலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அதோடு அவளைப் படிப்புக்கு அனுப்பவில்லை. சைக்கிளை அப்பா பூட்டிச் சாவியைக் கெப்பிக்குள் போட்டார். வெள்ளைப் புடவைகளை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: கஞ்சி போட்ட துணி எரியும்போது சோறு அடிபிடித்த வாசனை வரும்.

சித்திரையில் கோயிலில் தாலி. நான் அக்காவுக்குப் பின்னால் பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருந்தேன். கெட்டிமேளம் எதற்கு என்று நமக்கெல்லாம் சொல்லித்தந்திருக்கிறார்கள் அல்லவா? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ, யாருடைய அமங்கலச் சொல்லோ காதில் விழக்கூடாது. ஐயர் விரலை ஆட்டினார். நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. அத்தை அக்காவின் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள், எழுந்துவிடாதபடிக்கு. அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. எனக்கு அந்த வாய் அசைவு பழக்கம். என் நாடியை எண்ணும்போது பார்த்துப் பார்த்துப் பழகியது. "வேணாம்ப்பா" என்றாள். மறுபடி அதையே சொன்னாள். அட்சதை விழுந்துகொண்டிருந்தது. அப்பா கையில் மிச்சமிருந்த அரிசியையும் போட்டார்.

தாலி ஏறிவிட்டால் நம்மவர்களுக்குக் கல்யாணம் முடிந்தது. பிரெஞ்சுச் சட்டத்துக்கு முடியாது. மேரியில் போய் இரண்டு பேரும் அதிகாரி முன்னால் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் அது கல்யாணம். அந்தத் தாள் இருந்தால்தான் அத்தை மகனுக்குப் பிரான்சு. அதற்கும் நாள் குறித்திருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் அப்பா அத்தை மகனை எதிரே நிறுத்தி "வுய், முசியே" சொல்லப் பழக்கினார். அவன் வாயில் அது "ஊய்" என்றே வந்தது. நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். எனக்கு அவன் மேல் வெறுப்பு கிடையாது அப்போது, மிட்டாய் வாங்கித் தருவான். அக்காவை யாரும் பழக்கவில்லை. பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாமலில்லை. அவர் கல்யாணமும் அங்கே பதிவானதுதான். கழுத்தில் தாலியோடு நிற்பவளுக்கு இன்னொரு பதில் இருக்க முடியும் என்பதைத்தான் அவர் நினைத்தே பார்க்கவில்லை.

அந்த மாடி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தவர்கள்தான் நீங்கள். பெரிய மரப்படிகள், உயரமான ஜன்னல்கள், ஜன்னல் வழியாகக் கடல். பொட்டு வைத்த வயசான அதிகாரி, மூக்குக் கண்ணாடி. அப்பா கோட்டும் மெடலும் போட்டிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு அவருடைய பட்டாளத்துக் கூட்டாளிகள் இருவர். அத்தை மல்லிகைப் பூவை எனக்கும் வைத்துவிட்டாள். அதிகாரி பிரெஞ்சில் எதையோ நீளமாகப் படித்தார். படித்து முடித்து அத்தை மகனைக் கேட்டார். அவன் சரியாகவே சொன்னான். அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம்.

பிறகு அக்காவைக் கேட்டார்.

அங்கே மேளமில்லை. மேலே மின்விசிறி ஓடும் சத்தம், வெளியே அலை, அவ்வளவுதான். அதிகாரி கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்துக் காத்திருந்தார். என் அக்காவை ஒரு பெரிய மனுஷர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்கமாட்டாள்.

"நோன், முசியே" என்றாள்.

அப்பா எழுந்துவிட்டார். பெண்ணுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது, பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று பிரெஞ்சிலேயே பணிவாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். கேள்வியைத் தமிழில் கேட்டார். இந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமா அம்மா, யாருக்கும் பயப்படாமல் சொல்லு என்றார்.

"எனக்குச் சம்மதம் இல்லீங்க. கோயில்லயும் சொன்னேன். மோளத்துல யாருக்கும் கேக்கல."

அதிகாரி பேனாவை மூடினார். கூட்டாளிகள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். அப்பா படியிறங்கினார். சாலையில் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தார். வெயிலில் மெடல்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது. பத்து வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நாம் இதைச் சிரித்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம். முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அத்தைதான் வழி சொன்னாள். தாலி ஏறியது ஏறியதுதானே, பெண்டாட்டி பெண்டாட்டிதானே, வீட்டுக்கு அழைத்துப்போகிறேன், வயிற்றில் ஒன்று வந்துவிட்டால் தானே மேரிக்கு நடந்து வருவாள் என்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டேன். வயிற்றில் என்ன வரும் என்று அன்று தெரியாது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். ஒருவரும் கூடாது என்று சொல்லவில்லை. அம்மா உள்ளே போய் அக்காவின் துணிகளை மடித்தாள்; புதுத் தலையணை உறையையும் எடுத்து வைத்தாள். ரிக்‌ஷா வந்தது. அத்தை ஒரு பக்கமும் அவள் மகன் ஒரு பக்கமுமாக அக்காவை நடுவில் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லபடியாகப் போய்வரச் சொல்லிக் கையாட்டினார்கள்.

சில நாள் கழித்து, நான் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது, அவள் நடந்தே வந்தாள். உழவர்கரையிலிருந்து அந்த வெயிலில். காலில் செருப்பில்லை. கை நிறைய இருந்த கல்யாண வளையல் ஒன்றுகூட இல்லை, மணிக்கட்டில் கீறல். கீழுதடு தடித்திருந்தது. நான் "அக்கா" என்று ஓடினேன். என்னைத் தொடாமல் விலகிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். அப்பா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அங்கயும் வேணாம்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவுக்குப் புரிந்தது. புரிந்தும், புருஷன்தானே, இதையெல்லாம் அப்பாகிட்ட வந்து சொல்லுவாங்களா என்று கேட்டாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, வெளியே சொல்லாதே என்றார். என் அம்மா கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருப்பவள். கெட்டவர்கள் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

அக்கா தாலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கூடவே கடிகாரத்தையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். போய் முகம் கழுவினாள். திரும்பி வந்தபோது அப்பா வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வர அல்ல, வெளியே போக. அவள் போனாள். தாலியை அன்று சாயங்காலமே அத்தை வந்து எடுத்துக்கொண்டாள். கடிகாரம் அலமாரியில் கிடந்து, சாவி கொடுப்பாரில்லாமல் நின்றுபோனது. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை; இத்தனை வருஷமாகத் தேடியிருக்கிறேன்.

நர்சுகள் விடுதியில் தலைமை சிஸ்டர் ஒருவர் அவளைச் சேர்த்துக்கொண்டாராம். படித்து முடித்து வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் அவள் பெயர் நின்றுபோனது. "மேரியில மானத்த வாங்கினவ" என்றால் போதும், யாரென்று தெரியும். எங்கள் உறவுக்காரர்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். பெண்ணைக் கேட்க வேண்டும் என்பதல்ல. அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் முதலில் மேரி, அப்புறம்தான் தாலி. மேரியில் வுய் வாங்கிய பிறகே பந்தக்கால் நட்டார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. முன்தினம் அம்மா என்னை எதிரே நிறுத்திப் பழக்கினாள். உங்களில் சிலருக்கும் பழக்கியிருப்பார்கள். ஏன் பழக்கினார்கள் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் அப்பா விழுந்துவிட்டார். ஒரு பக்கம் வராமல் போயிற்று, பேச்சும் போயிற்று. கூடத்திலேயே கட்டில் போட்டோம். படுத்துப் படுத்து முதுகில் புண் வந்தது. அம்மாவாலும் என்னாலும் அவரைப் புரட்ட முடியவில்லை. வீடு நாறியது. கெப்பி மட்டும் ஆணியில் தூசியோடு அவரைப் பார்த்துத் தொங்கியது. கடைசியில் அம்மாதான் என்னிடம், மற்றவர்கள் காதில் விழாதபடி, அவளைக் கூட்டி வா என்றாள்.

அக்கா வேலை முடிந்து வெள்ளைப் புடவையோடு வந்தாள். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். அக்கா கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். வெந்நீர், பஞ்சு, பழைய வேட்டி எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டாள். கட்டிலருகே குனிந்து, அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகம் தெரியும்படி நின்றாள்.

"அப்பா, நான்தான். ஒங்களத் திருப்பிப் படுக்க வச்சி முதுகத் தொடைக்கணும். தொடலாமா? சரின்னா கண்ண மூடித் தொறங்க. வேணாம்னா மூஞ்சத் திருப்பிக்கங்க."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எனக்கு மேரி மாடி நினைவுக்கு வந்தது. அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா பதறினாள். அவருக்கு நினைவே இல்லை, நீ பாட்டுக்குச் செய் என்றாள்.

"நெனவு இருக்கும்மா. வேணாங்கறாரு."

அக்கா ஓரமாகப் போய் நின்றாள். எங்கே கை கொடுத்துப் புரட்ட வேண்டும், புண்ணை எப்படித் துடைக்க வேண்டும் என்று எனக்கு அங்கிருந்தே சொன்னாள். நான் செய்தேன். அவர் முதுகை நான்தான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. மறுநாளும் வந்தாள். அதே கேள்வி கேட்டாள், அதே சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவர் சாகும்வரை வந்தாள். ஒரு நாள்கூடக் கேட்காமல் தொடவில்லை. ஒரு நாளும் அவர் சரி என்று சொல்லவில்லை. பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒன்றுதான் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவுக்கு இருந்தது பிடிவாதம். அவளுக்கு இருந்ததற்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

அப்பா போன அன்று உறவெல்லாம் வந்திருந்தது. அக்கா தெருவில், பந்தலுக்கு வெளியே நின்றாள். தூக்கப்போகும் நேரத்தில் அத்தைக்கே மனசு கேட்கவில்லையோ, ஊருக்குப் பயந்தாளோ, எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். வாடி, கடைசியாக ஒரு தடவை அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிடு, இனிமேல் யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"உசுரோட இருந்தப்ப வேணாம்னாரு அத்தை. இப்ப வாய் தொறக்க முடியாதுன்னு தொட்டுடவா?"

அதற்குள் தெருமுனையில் சாவு மேளம் தொடங்கிவிட்டது. அத்தை பதிலுக்கு ஏதோ சொன்னாள். அவள் வாய் அசைந்ததைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.